கான்கிரீட் வேலையில் அடிபட்டால்: தளத்திலும் ஆஸ்பத்திரியிலும் செய்யக் கூடாதவை

ஈரச் சிமெண்டைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. தளம் போடும் நாளில் வெறுங்காலோடு கான்கிரீட்டுக்குள் நிற்பதும், முழங்காலை ஊன்றி மட்டம் தட்டுவதும் எல்லா சைட்டிலும் நடக்கிறது. தண்ணீர் சேர்ந்த சிமெண்டின் காரம் பிஎச் அளவில் 12க்கும் மேல். அது தோலை அரிக்கும்போது உடனே வலிக்காது, ஆபத்தே அதில்தான் இருக்கிறது. சாயங்காலம் குளிக்கப் போகும்போதுதான் தோல் வெந்திருப்பது தெரியும். பூட்ஸ் போட்டவர்களும் கவனிக்க வேண்டும்: உள்ளே சிமெண்ட் பால் இறங்கிவிட்டால் அப்படியே வேலையைத் தொடரக் கூடாது, உடனே கழற்றிக் கழுவ வேண்டும். பட்ட இடத்தைத் துணியால் துடைத்து, எண்ணெய் தடவிவிட்டு விடுவது தவறு. நனைந்த துணியைக் கழற்றி, ஓடும் நல்ல தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் கசக்காமல் அதே மாதிரி கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வேலை முடியட்டும் என்று காத்திருந்தால் பார்வையே போகலாம்.

காய்ந்த கான்கிரீட்டை வெட்டும்போதும் கொத்தும்போதும் பறக்கும் தூசியில் சிலிகா இருக்கிறது. அது நுரையீரலில் ஏற்படுத்தும் தழும்பு ஆறாது. முகத்தில் துண்டு கட்டினால் அந்த நுண்தூசி நிற்காது. தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும், என்95 முகக்கவசம் வேண்டும்.

அடுத்தது சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கி நிற்கும் ஷீட்டும் முட்டுக்கால்களும். அடுத்த சைட்டுக்கு ஷீட் வேண்டும் என்பதற்காக முட்டுக்கால்களை முன்கூட்டியே பிரிப்பது உயிரோடு விளையாடுவது. தாங்கும் சுவர்களுக்கோ பீம்களுக்கோ இடையே 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் போனால் 14 நாள். 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்லும் இந்தக் கணக்கு, சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கானது (ஓபிசி, OPC). இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கும் நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்டுக்கு இன்னும் சில நாள் கூட்டித்தான் பிரிக்க வேண்டும். அந்த நாளை இன்ஜினியர் முடிவு செய்ய வேண்டும், ஷீட் வாடகை முடிவு செய்யக் கூடாது.

கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரின் ஒயரில் டேப் சுற்றிய ஒட்டு ஈரத்தில் கிடக்கக் கூடாது, லைனில் மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (RCCB) இருக்க வேண்டும். மிக்சரில் ஜல்லி, மணல் கொட்டும் தொட்டியான ஹாப்பர் மேலே தூக்கி நிற்கும்போது அடியில் போய் ஜல்லியை வழிக்கக் கூடாது. பம்ப் குழாயில் அடைப்பு எடுத்ததும் அதன் நுனி சாட்டை போலச் சுழலும், அப்போது யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

இவ்வளவும் பார்த்தும் அடிபடுகிறது. அப்புறம் நடக்கும் தவறுகள்தான் பல குடும்பங்களைச் சாய்க்கின்றன.

ஆஸ்பத்திரி வாசலிலேயே முதல் தவறு நடந்துவிடும். "வேலையில அடிபட்டதுன்னு சொல்லாத, போலீஸ் கேஸாயிடும். வண்டியில இருந்து விழுந்தேன்னு சொல்லு, செலவை நான் பாத்துக்கறேன்" என்று மேஸ்திரி சொல்வார். நல்ல மனிதராகக்கூட இருப்பார். ஆனால் அவசரப் பிரிவு டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதும் அந்த ஒரு வரிதான் பின்னால் வரும் எல்லாக் காகிதத்துக்கும் அடிப்படை. எங்கே, என்ன வேலையில், எத்தனை மணிக்கு அடிபட்டது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். அந்த விபத்துப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

என் கணக்கில் இதைவிடக் கொடுமையானது, துக்க வீட்டில் பணத்தை நீட்டி வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குவது. 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் விதிகள், 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் பெரும்பாலும் அப்படியே தொடர்கின்றன. அதன்படி, உயிரிழப்புக்கான இழப்பீட்டைத் தொழிலாளர் துறை அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். சிறு முன்பணம் தவிர, வீட்டில் நேராகக் கொடுப்பதைச் சட்டம் இழப்பீடாகவே எடுத்துக்கொள்வதில்லை. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்த காகிதமும் செல்லாது. தொகை எவ்வளவு என்று தெரியாததால்தான் இரண்டு லட்சத்துக்குத் தலையாட்டுகிறார்கள். 2020 ஜனவரியில் நிர்ணயித்த 15,000 ரூபாய் மாதச் சம்பள உச்சவரம்பை வைத்துப் பாருங்கள்: 30 வயதுக்காரர் இறந்தால் அதில் பாதியான 7,500ஐ, அந்த வயதுக்குரிய 207.98 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 15,59,850 ரூபாய் வருகிறது.

"என் மேலதான் தப்பு, நான்தான் பாத்து நடக்கல" என்று பலர் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. குடித்திருந்தது, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தைத் தெரிந்தே கழற்றிப் போட்டது போன்றவற்றை முதலாளி காரணம் காட்டலாம். மரணம், முழு நிரந்தர ஊனம் என்றால் அதுவும் எடுபடாது. மேஸ்திரி கைவிரித்தாலும் முடிந்துவிடவில்லை, அவருக்கு வேலை கொடுத்த கட்டுமான நிறுவனத்தையே கேட்கலாம். சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருந்தால் மட்டும் வழி வேறு: அங்கே வேலைக்காயம் என்று பதிவு செய்து, பலனை அவர்களிடமே வாங்க வேண்டும்.

தினக்கூலிக்கு ஏது ரசீது என்று சோர்ந்துவிடாதீர்கள். மேஸ்திரி ஜிபேயில் போட்ட கூலி, வாட்ஸ்அப்பில் "நாளைக்கு தளம், ஆறு மணிக்கு வா" என்று அனுப்பிய செய்தி, சைட் போர்டின் போட்டோ, கூட வேலை பார்த்த இருவரின் போன் நம்பர் எல்லாமே சாட்சிதான். போனை மாற்றும் முன் இவற்றை வேறிடத்தில் சேமித்து வையுங்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை பதியலாம். பதிந்தவர்கள் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள். பதியாதவர் வேலையிடத்தில் இறந்தாலும் குடும்பத்துக்கு வாரியத்தின் உதவி உண்டு, அதனால் கேட்காமல் இருக்க வேண்டாம். வாரியப் பணம் வந்ததால் முதலாளியின் இழப்பீடு நின்றுவிடாது. இரண்டும் தனித்தனி.

இழப்பீட்டு மனுவுக்குக் கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடம். "கால் சரியாகட்டும்" என்று தள்ளிப்போட்டு அதைத் தவறவிடுபவர்கள் அதிகம். சென்னையில் அடிபட்டுச் சொந்த ஊர் திரும்பியவர், தான் இருக்கும் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்திலேயே மனு போடலாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக வழக்கு நடத்திக் கொடுப்பார்கள். போன் எண் 15100.