பர்னிங் மேன் முடிந்த பின் தாஹோ ஏரியில் படகு ஓய்வு: முதல்முறை செல்வோருக்கான செய்முறை

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள பிளாக் ராக் பாலைவனத்தில் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்தோடு நிறைவுறும் பர்னிங் மேன் என்னும் கலை விழாவுக்குச் சென்று வந்தவர்களுக்கு, அங்கிருந்து திரும்பும்போது உடல் எந்த நிலையில் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பகலெல்லாம் வெயில், இரவெல்லாம் குளிர், ஒரு வாரமாக அரைகுறைத் தூக்கம், உடுத்தியது உண்டது அனைத்திலும் புழுதி. அந்த அலுப்பைப் போக்க, நண்பர்கள் சிலர் சேர்ந்து, கலிபோர்னியா–நெவாடா எல்லையிலுள்ள தாஹோ ஏரியில் ஒரு படகைத் தனியாக வாடகைக்கு எடுத்துக்கொள்வது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் படகில் ஏறிய உடனே உடம்பு தேறிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. படகு கடைசிப் படி. அதற்கு முந்தைய இரண்டு நாட்களை எப்படிக் கழிக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது ஓய்வாகவோ இன்னொரு அலைச்சலாகவோ அமையும்.

முதல் படி: நாளைக் குறித்துப் படகைப் பதிவு செய்தல்

முதல்முறை நான் சென்றபோது, விழா முடிந்த மறுநாள் காலைக்கே படகைப் பதிவு செய்திருந்தேன். விழாத் திடலிலிருந்து வண்டிகள் வரிசையில் நகர்ந்து தார்ச்சாலையை அடையவே பல மணி நேரம் ஆயிற்று. தூங்காமல் ஏரிக்கு வந்து சேர்ந்து, ஏரியின் தென்மேற்கிலுள்ள எமரால்டு குடாவை நெருங்கும் முன்பே தளத்தில் படுத்து உறங்கிவிட்டேன். விழித்தபோது படகு கரை திரும்பியிருந்தது. ஆகவே நீங்கள் திங்களன்று புறப்படுவதாக இருந்தால், படகைப் புதன்கிழமைக்கு முன்னால் வைக்காதீர்கள்.

பதிவை ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பதை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். 2023-இல் பெய்த மழையில் பாலைவனம் சேறாகி, பல்லாயிரக்கணக்கானோர் புறப்பட முடியாமல் அங்கேயே தங்க நேர்ந்தது. 2021 ஆகஸ்ட் 30 அன்று கால்டோர் காட்டுத்தீயினால் சவுத் லேக் தாஹோ நகரமே காலி செய்யப்பட்டது. தாமதம், புகை ஆகிய இரண்டுமே இந்தப் பருவத்தில் எதிர்பார்க்க வேண்டியவை.

அடுத்து, படகோட்டி அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் உரிமம் பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். காவல்படையின் ஆய்வுச் சான்றிதழ் இல்லாத படகு, பணம் செலுத்தும் பயணிகளை 6 பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. “இன்னும் இரண்டு பேர் வந்தால் பரவாயில்லை” என்று ஒருவர் சொன்னால், அவரிடம் படகு எடுக்காமல் இருப்பதே நல்லது. எரிபொருள் வாடகையில் அடங்குமா, கழிப்பறை உண்டா, நிழலான இடம் உண்டா என்பவற்றையும் அப்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வெயிலில் காய்ந்தவர்களுக்கு நிழல்தான் முதல் தேவை.

இரண்டாம் படி: புழுதியைக் கழுவுதல்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் அவசரத்தில் தவறவிடுகிறார்கள். விழா நடக்கும் தரையை அங்கு எல்லோரும் ‘பிளேயா’ என்றே அழைக்கிறார்கள். பனியுகத்தில் இப்பகுதியை மூடியிருந்த லஹோன்டன் என்னும் பேரேரி வற்றியபோது எஞ்சிய அடித்தட்டு அது. அதனால் அந்தப் புழுதி சாதாரண மணலைப் போன்றதன்று. மாவைப் போல் நுண்ணியது, காரத்தன்மை மிகுந்தது. தோலின் எண்ணெய்ப் பசையை அது உறிஞ்சிவிடுவதால் குதிகாலும் விரலிடுக்கும் வெடித்து எரிகின்றன. வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு வரும் இந்தத் தொல்லையைப் ‘பிளேயா ஃபுட்’ என்பார்கள்.

காரத்தை முறிக்க மென்மையான அமிலம் வேண்டும். விடுதிக்கு வந்ததும் ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் அரைக் கோப்பை வினிகரைக் கலந்து, பாதங்களை 10 நிமிடம் அதில் வைத்திருங்கள். பிறகு நல்ல நீரில் கழுவி, ஈரம் உலரும் முன்பே தேங்காயெண்ணெயையோ வாசலினையோ தடவிக் காலுறை அணிந்துகொள்ளுங்கள். ஆழமாக வெடித்த இடத்திலும் திறந்த புண்ணிலும் வினிகர் படக் கூடாது. அவற்றை வெறும் நீரும் சோப்பும் கொண்டு கழுவினால் போதும். தலைமுடிக்கும் இதே முறைதான், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் முறை அலசும்போதும் என் தலையிலிருந்து வடிந்த நீர் அரிசி களைந்த நீரைப் போல் கலங்கியே இருந்தது. அந்நீர் தெளியும் வரை அலசுங்கள்.

ஏரியில் குதித்துக் கழுவிக்கொள்ளலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். தாஹோவின் பெருமையே அதன் தெளிவுதான். சோப்பும் புழுதியும் அதில் கலக்க நாம் காரணமாக இருக்கக் கூடாது. விழாவில் அணிந்த செருப்பையும் பையையும் படகில் ஏற்றாமல் வண்டியிலேயே வைத்துவிட்டு, துவைத்த உடையும் மென்மையான அடி கொண்ட சுத்தமான காலணியும் அணிந்து ஏறுங்கள்.

மூன்றாம் படி: நீரும் உறக்கமும்

பிளேயா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,190 மீட்டர் உயரத்தில் உள்ளது. தாஹோ ஏரியின் நீர்மட்டமோ 1,897 மீட்டர். நெவாடாவின் ரீனோ நகரிலிருந்து மவுண்ட் ரோஸ் மலைச்சாலையில் வந்தால் இடையில் 2,700 மீட்டருக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். ஆக, வறண்டுபோன உடலோடு மேலும் மெல்லிய காற்றுக்குள் போகிறோம். தலைவலி வருவதற்கு இதுவே போதும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் சரியன்று, உடலின் உப்பு நீர்த்துப்போகும். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, ஒரே மூச்சில் குடிக்காமல் சிறிது சிறிதாக நாள் முழுவதும் பருகுங்கள். உப்பிட்ட நீர்மோரும் கஞ்சியும் வயிற்றுக்கு இதமானவை. மதுவை இந்த இரண்டு நாட்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

உறக்கத்தைப் பொறுத்தவரை, இரண்டு இரவுகள் முழுமையாகத் தூங்கிய பிறகே படகேறுங்கள். காய்ச்சல், மனக்குழப்பம், நிற்காத வாந்தி, கரும்பழுப்பான சிறுநீர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனை.

நான்காம் படி: ஏரியில் ஒரு காலை

தாஹோவில் காலை நேரம் பெரும்பாலும் அமைதியானது; பிற்பகலில் தென்மேற்குக் காற்று வலுத்து அலை எழும். ஆகவே 8 மணிக்குப் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்பும்படி திட்டமிடுங்கள். தாஹோ சிட்டியிலிருந்து மேற்குக் கரையை ஒட்டித் தெற்கே செல்லும் வழியை நான் பரிந்துரைக்கிறேன். ரூபிகான் முனையருகே கரைப்பாறை செங்குத்தாக நீருக்குள் இறங்குவதால், வெளிர்பச்சையாக இருந்த நீர் சில அடிகளுக்குள் கருநீலமாகிவிடும். அந்த இடத்தில் எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கால்மணி நேரம் யாரும் பேசாமல் இருந்து பாருங்கள். இரவும் பகலும் ஒலிபெருக்கிகளைக் கேட்டுக் களைத்த காதுகளுக்கு, படகின் வயிற்றில் நீர் தட்டும் சத்தம் அப்போதுதான் கேட்கத் தொடங்கும். அங்கிருந்து சற்றுத் தொலைவில் எமரால்டு குடாவும், அதனுள் இந்த ஏரியின் ஒரே தீவான ஃபேனெட்டும், அதன் உச்சியில் கூரையிழந்து நிற்கும் கல் தேநீர் மனையும் இருக்கின்றன.

நீரில் இறங்க விரும்பினால் தலைகீழாகப் பாயாதீர்கள். 501 மீட்டர் ஆழமுள்ள ஏரி இது. செப்டம்பரில் மேற்பரப்பு ஓரளவு பொறுக்கக்கூடியதாக இருந்தாலும், சற்றுக் கீழே கடுங்குளிர். திடீர்க் குளிரில் மூச்சு தானாக உள்ளிழுக்கும். அந்நேரம் முகம் நீருக்குள் இருந்தால் ஆபத்து. லைஃப் ஜாக்கெட் அணிந்து, ஏணி வழியாக முதலில் பாதம், பிறகு இடுப்பு, பிறகு தோள் என்று மெல்ல இறங்கி, 5 நிமிடத்தில் ஏறிவிடுங்கள். எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடும்போது பின்புற மேடையில் படுக்கவும் கூடாது, அதனருகே நீந்தவும் கூடாது. அங்கு தேங்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது தரும் மயக்கத்தைக் களைப்பு என்றே எண்ணிவிடுவோம்.

கரையேறிய பின் உடனே வண்டியை எடுக்காமல், தாஹோ சிட்டியில் உள்ள சிறிய அணை வரை நடந்து செல்லுங்கள். ஏரியை விட்டு வெளியேறும் ஒரே ஆறான டிரக்கி அங்குதான் தொடங்குகிறது. அது ரீனோ வழியாக ஓடி, பிளேயாவை உருவாக்கிய அதே லஹோன்டன் பேரேரியின் மிச்சமான பிரமிட் ஏரியில் கலக்கிறது. பாலைவனத்திலிருந்து ஊர் திரும்பிய வழியில், வாட்ஸ்வொர்த் அருகே நீங்கள் கடந்து வந்ததும் இந்த ஆற்றைத்தான்.