‘அவர் டவுன்’ நாடகம் போடுவது எப்படி: காலைச் சமையலிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்க எழுத்தாளர் தார்ன்டன் வைல்டரின் ‘அவர் டவுன்’ நாடகத்தைப் போடலாம் என்று ஒரு குழு கூடினால் முதலில் வருவது செலவுப் பேச்சுதான். திரை இல்லை, செட் இல்லை, ரெண்டு மேசை, கொஞ்சம் நாற்காலி, ரெண்டு ஏணி இருந்தால் போதும், அதனால் மலிவாக முடிந்துவிடும் என்பார்கள். மலிவுதான். ஆனால் அடுப்பு, பாத்திரம், கதவு எதுவும் மேடையில் இருக்காது, எல்லாவற்றையும் நடிகர்கள் வெறும் கையாலேயே காட்ட வேண்டும். அதனால் ஒத்திகைக்கு நிறைய நேரம் வேண்டும், அதில் பெரும்பகுதியை முதல் அங்கத்தின் காலைச் சமையலுக்கே கொடுக்க வேண்டும்.

கதை சின்னது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் க்ரோவர்ஸ் கார்னர்ஸ் என்ற கற்பனை ஊர். முதல் அங்கம் 1901 மே 7, ஒரு சாதாரண நாள். இரண்டாவதில், 1904 ஜூலையில், பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளான ஜார்ஜ் கிப்ஸுக்கும் எமிலி வெப்புக்கும் கல்யாணம். மூன்றாவதில், 1913 கோடையில், இரண்டாவது பிரசவத்தில் இறந்துபோன எமிலியை ஊர்க் கல்லறைக்குக் கொண்டுவருகிறார்கள். 1938 ஜனவரியில் பிரின்ஸ்டனில் முதல்முறை மேடையேறி, அடுத்த மாதமே நியூயார்க் போய், அந்த வருடப் புலிட்சர் பரிசையும் வாங்கிய நாடகம் இது.

இப்போது மூன்றாம் அங்கத்தைப் பாருங்கள். இறந்த எமிலி ஒரே ஒரு நாளைத் திரும்ப வாழ ஆசைப்பட்டு, 1899 பிப்ரவரி 11, தன் 12ஆவது பிறந்தநாள் காலைக்குப் போகிறாள். அங்கே அம்மா அடுப்படியில் நிற்கிறாள், பால்காரர் ஹவி நியூசம் வருகிறார், பேப்பர் போடும் பையன் வருகிறான். முதல் அங்கத்தில் நாம் பார்த்த காலையேதான் கிட்டத்தட்ட. பார்ப்பவர்களுக்கு அந்த அடுப்பும் மேசையும் வாசலும் ஏற்கெனவே தெரிந்த இடமாகிவிட்டிருந்தால்தான், எமிலியால் ஏன் அங்கே நிற்க முடியாமல் போகிறது என்பது புரியும். முதல் அங்கத்தில் கைகள் காற்றில் சும்மா அலைந்திருந்தால் மூன்றாவதில் எவ்வளவு அழுதாலும் ஒட்டாது.

அதனால் ஒத்திகையை நிஜப் பொருட்களோடு ஆரம்பியுங்கள். தரையில் டேப் ஒட்டி ரெண்டு சமையலறையிலும் அடுப்பு, அலமாரி, பின்வாசல் எங்கே என்று குறியுங்கள். கிப்ஸ் அம்மாவாகவும் வெப் அம்மாவாகவும் நடிப்பவர்கள் நிஜமான பாத்திரம், தட்டு, கண்ணாடிப் பால் பாட்டில் வைத்து அந்தக் காலையை முழுசாகச் செய்யட்டும், வசனமும் சேர்த்து. ரெண்டு பேரும் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் உரிக்கும் காட்சிக்கு ஒரு கிலோ பீன்ஸ் வாங்கிவந்து நிஜமாகவே உரிக்கச் சொல்லுங்கள். கை பழகிய பிறகு ஒவ்வொரு பொருளாக எடுத்துவிடுங்கள். பாட்டிலின் கனம் விரல்களில் இருக்க வேண்டும், வைத்த இடத்திலிருந்தே திரும்ப எடுக்க வேண்டும், அடுப்பு இருக்கும் இடத்தின் மேல் யாரும் நடந்துபோகக் கூடாது. அதே நேரம் இது மைம் நிகழ்ச்சி, அதாவது பேசாமல் சைகையால் மட்டும் நடிப்பது, இல்லை, அதனால் “பாருங்கள், கதவைத் திறக்கிறேன்” என்று காட்டுகிற மாதிரி பெரிதாகச் செய்தால் கெட்டுவிடும். பேச்சு அது பாட்டுக்கு ஓடணும், கை அது பாட்டுக்கு வேலை பார்க்கணும்.

சத்தம் தருபவரை முதல் வாரத்திலேயே ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள். பால் பாட்டில்கள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அவை மோதும் சத்தம் கேட்கும். ஹவியின் கையும் அந்தச் சத்தமும் அரை நொடி பிசகினாலும், கண்ணுக்குத் தெரியாத அவர் குதிரை பெஸ்ஸி உட்பட எல்லாமே பொய்யாகிவிடும்.

அப்புறம் ஸ்டேஜ் மேனேஜர். இந்த நாடகத்தில் அது மேடையில் நின்று கதை சொல்லும் ஒரு பாத்திரத்தின் பெயர். நம்மவர்களுக்கு உடனே கூத்துக் கட்டியங்காரன் ஞாபகம் வரும். வேலையும் கொஞ்சம் அதேதான், ஊரை அறிமுகப்படுத்துகிறார், கல்யாணத்தில் பாதிரியாராகிறார், சோடா கடைக்காரராகவும் நிற்கிறார். ஆனால் அந்தக் குரலும் துள்ளலும் இங்கே வேண்டாம். பேப்பர் போடும் ஜோ க்ரோவெல் பிறகு பெரிய படிப்பு படித்து இன்ஜினியராகப் போகிற நேரத்தில் போர் வந்து பிரான்ஸில் செத்துப்போனான் என்பதை, அந்தப் பையன் இன்னும் மேடையைத் தாண்டிப் போய்க்கூட முடிக்காத நேரத்தில், இவர் ரெண்டு மூன்று வரியில் சொல்லிவிடுகிறார். அங்கே குரலைத் தாழ்த்தி, நிறுத்தி, சோக இசை போடுகிற இயக்குநர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பஸ் நேரம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும்.

கல்லறைக் காட்சியில் இறந்தவர்கள் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பேய்க்குரல் கூடாது, வெள்ளை மேக்கப் கூடாது. தலையைத் திருப்பாமல், விறைக்காமல், பொறுமையாக இருந்தால் போதும், பேச்சும் சாதாரணப் பேச்சுதான். குடை பிடித்து நிற்கும் ஊர்க்காரர்கள் நடுவிலிருந்து எமிலி வெளியே வருவாள், அந்த வழியை மட்டும் பலமுறை நடந்து பழகுங்கள், நெரிசலில் குடை இடித்தால் எல்லாம் போச்சு.

எமிலியின் அம்மாவைக் கல்நெஞ்சக்காரியாகக் காட்டிவிடுவது இந்த நாடகத்தில் நான் அதிகம் வருத்தப்படும் தவறு. மகள் “ஒரு நிமிஷம் என்னைப் பாரேன்” என்று தவிக்கும்போது அவள் பன்றிக்கறியை நன்றாக மென்று சாப்பிடு, குளிருக்கு நல்லது என்கிறாள். அது முழுக்க அன்புதான். அடுப்பில் வேலை, வெளியே பயங்கரக் குளிர், பள்ளிக்கு நேரமாகிறது, திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. நடிப்பவரிடம் “நீங்கள் நல்ல அம்மா, இன்றைக்கு மகளுக்குப் பிறந்தநாள், காலை வேலையைச் சீக்கிரம் முடியுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை எமிலி பார்த்துக்கொள்வாள்.

2009இல் நியூயார்க்கில் இயக்குநர் டேவிட் க்ரோமர் இந்தப் பிறந்தநாள் காட்சியில் மட்டும் நிஜச் சமையலறையைத் திறந்துகாட்டினார், அரங்கம் முழுக்க அந்தப் பன்றிக்கறி (பேக்கன்) வறுபடும் வாசனை. பிரமாதமான யோசனை, ஆனால் அதற்கு முன் ரெண்டு அங்கமும் அவ்வளவு வெறுமையாக இருந்ததால்தான் அது எடுபட்டது. முதல் முறை போடுகிறவர்கள் வெறும் மேசையோடே முடியுங்கள்.

கடைசியாக உரிமை. வைல்டர் இறந்தது 1975இல், ஆசிரியர் இறந்து 60 வருடம் வரை இந்தியாவில் பதிப்புரிமை உண்டு, எனவே தமிழாக்கம் செய்வதானாலும் ஆங்கிலத்திலேயே போடுவதானாலும் முறையாக அனுமதி கேட்டு வாங்குங்கள். ஹால் பிடிப்பதற்கு முன்பே.