பழைய லேப்டாப்பில் வைஃபை கிடைக்கவில்லையா? எந்த இடத்தில் தடை என்று முதலில் பாருங்கள்

என்னிடம் 2011-இல் வாங்கிய லேப்டாப் ஒன்று இருக்கிறது. வீட்டு ரவுட்டரை மாற்றிய அன்றே அதில் வைஃபை நின்றுபோனது. வயதாகிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, ஒரு மாலை முழுவதும் டிரைவரை (வைஃபை பாகத்தை இயக்கும் மென்பொருளை) நீக்குவதும் மறுபடி நிறுவுவதுமாக இருந்தேன். கடைசியில் பார்த்தால் லேப்டாப்பில் பழுதே இல்லை. நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். இந்தப் படிகள் விண்டோஸ் 10-க்கானவை.

படி 1: பொத்தான். சிரிக்காதீர்கள். அந்தக் காலத்து லேப்டாப்புகள் பலவற்றில் வைஃபைக்கென்றே முன்புறமோ பக்கவாட்டிலோ ஒரு சிறிய தள்ளுபொத்தான் உண்டு. பையிலிருந்து எடுக்கும்போது விரல் பட்டாலே அணைந்துவிடும். அது இல்லையென்றால், மேல்வரிசை விசைகளில் ஆன்டெனா படம் போட்டதைத் தேடி, எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்துங்கள்.

படி 2: ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியைப் பாருங்கள். வைஃபை அட்டையின் (லேப்டாப்புக்குள் வைஃபையைப் பிடிக்கும் பாகத்தின்) மேல் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் அது முடக்கப்பட்டிருக்கிறது. வலது கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் போதும். மஞ்சள் முக்கோணம் இருந்தால் பெரும்பாலும் டிரைவர் சிக்கல். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உரிய டிரைவரையே எடுங்கள். 'எல்லா டிரைவரும் ஒரே சொடுக்கில்' என்று ஆசை காட்டும் மென்பொருள்களை நான் கிட்டவே சேர்ப்பதில்லை.

படி 3: இதுதான் என்னை ஏமாற்றிய இடம். போனில் வீட்டு வைஃபை தெரிகிறது, லேப்டாப்பில் மட்டும் தெரியவில்லையா? வைஃபை பெரும்பாலும் 2.4, 5 என இரண்டு கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் வருகிறது. பழைய அட்டைகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4 இயங்குகிறதா என்று பாருங்கள். அங்கேயே சேனல் எண்ணை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றாக வையுங்கள். 12, 13 சில அட்டைகளின் கண்ணில் படாது.

பெயர் தெரிந்தும், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் உள்ளே விடவில்லையென்றால், பாதுகாப்பு முறையைப் பாருங்கள். 2018-இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 பழைய அட்டைகளுக்குப் புரியாது. அதை டபிள்யூபிஏ2-க்கு மாற்றலாம். வீடு முழுவதற்கும் மாற்ற மனமில்லையென்றால், ரவுட்டர் இடம் கொடுத்தால், விருந்தினர் நெட்வொர்க் ஒன்றை 2.4-இல் டபிள்யூபிஏ2 வைத்துத் திறந்து லேப்டாப்பை அதில் சேர்த்துவிடுங்கள்.

படி 4: இணைந்துவிட்டது, இணையம் மட்டும் வரவில்லை. வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். முகவரி சரியாக இருந்தும் தளங்களெல்லாம் 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டினால் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்தால் லேப்டாப் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அப்போது தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும்.

படி 5: அடிக்கடி துண்டிக்கப்படுகிறதா? டிவைஸ் மேனேஜரில் அட்டையை இரட்டைக் கிளிக் செய்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்த அட்டையை அணைக்க அனுமதிக்கும் கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள்.

எதற்கும் மசியாவிட்டால் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கிச் செருகுங்கள். அதன் பிறகு டிவைஸ் மேனேஜரில் பழைய அட்டையை முடக்கிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் இணைய முயன்று குழப்பும்.