வாடிக்கையாளர் அம்மி அல்லர்

விற்பனைத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நம்மவர்கள் தவறாமல் சொல்லும் பழமொழி, அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது. பினாங்கு லெபோ பசார், லெபோ குயின் பகுதிக் கடைகளுக்கு மசாலைத் தூளும் பொட்டலப் பைகளும் விற்றுப் பல ஆண்டுகள் நடந்த எனக்கு, இந்தத் தொழிலில் நடக்கும் தவறுகளில் பாதி அந்தப் பழமொழியை அப்படியே நம்புவதால் வருகிறது என்று தோன்றுகிறது. வாடிக்கையாளரைக் கல்லாக எண்ணிக் கடைப்படி ஏறுகிறவர், ஒன்று அவரை எரிச்சலூட்டுகிறார். இல்லையேல் தம் கை வலித்து, இந்தத் தொழிலே வேண்டாம் என்று விலகிவிடுகிறார்.

மிகப் பெரிய தவறு, போன முறை கேட்டதையே இந்த முறையும் கேட்பது. "முதலாளி, நம் சரக்கைப் பற்றி யோசித்தீர்களா?" என்ற கேள்வியில் கடைக்காரருக்குப் பயன்படுவது எதுவும் இல்லை. யோசிக்கும் வேலையை அவர் தலையில் வைத்துவிட்டு, அதைச் செய்யவில்லையே என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். ஒரு மளிகைக் கடையில் நானே இதை ஐந்து முறை செய்திருக்கிறேன். ஆறாவது முறை, வாய் திறக்கும் முன் சற்று நின்று பார்த்தபோதுதான், கடைப் பையன் கிழிந்த பொட்டலங்களுக்கு ரப்பர் வளையம் போட்டுக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. அடுத்த வாரம் சற்றுத் தடித்த பைகள் பத்தைக் கொண்டுபோய், விலை பேசாமல், பயன்படுத்திப் பாருங்கள் என்று கொடுத்துவிட்டு வந்தேன். பைக்கு ஆர்டர் வந்தது. மசாலைத் தூளை அவர் இன்றுவரை வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போவதுதான் விடாமுயற்சி என்று அந்தக் கடையில் கற்றேன். புதிய காரணம் கிடைக்காத வாரத்தில் போகாமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது தவறு, "பார்க்கலாம்" என்ற சொல்லைத் தவறாகப் படிப்பது. நம் மக்கள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லக் கூசுவார்கள். ஆகவே பார்க்கலாம் என்பார்கள். கையில் இப்போது பணம் இல்லை என்பதற்கும், முடிவெடுக்க வேண்டியவர் அண்ணன் அல்லது அப்பா என்பதற்கும், உன் சரக்கு எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்கும் அதே சொல்தான். இதை ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, "வேண்டாம் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், நான் வருத்தப்படமாட்டேன், நேரம்தான் சரியில்லை என்றால் எந்த மாதம் வரட்டும்?" என்று கேட்டுவிடலாம். மறுப்பதை எளிதாக்கிக் கொடுத்தால் பெரும்பாலும் உண்மை வெளியே வரும். புதியவர்கள் இந்தக் கேள்விக்கு அஞ்சுவார்கள். குறிப்பேட்டில் இருபது "பார்க்கலாம்" இருப்பது அவர்களுக்கு இதமாக இருக்கிறது. அதை நன்னம்பிக்கை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது கசப்பான பதிலைத் தள்ளிப்போடுவதாகத்தான் படுகிறது.

நேரம் அறியாமல் போவது சிறிய தவறுதான், ஆனால் மன்னிக்கப்படாதது. வெள்ளிக்கிழமை நண்பகலில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குத் தொழுகைக்குக் கிளம்பும் கடைக்காரரை மறித்து விலைப்பட்டியல் நீட்டுவது, தீபாவளிக்கு முந்தைய வாரம் கல்லாவை விட்டு நகர முடியாதவரிடம் புதுச் சரக்கைப் பற்றிப் பேசுவது, தைப்பூசத்துக்கு முதல்நாள் வெள்ளி ரதம் லெபோ பினாங்கிலிருந்து புறப்படும் காலையில் அந்தப் பக்கம் பையுடன் போய் நிற்பது ஆகிய எல்லாவற்றையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒன்றை நானே செய்திருக்கிறேன்.

மறுப்பைத் தம் மதிப்பின் மீது விழுந்த அடியாக எடுத்துக்கொள்வது அடுத்தது. இதற்கு மருந்தாகச் செயற்கையான உற்சாகத்தைத் தருவது அதைவிட மோசம். நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில் தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக நின்று கைதட்டி "முடியும், முடியும்" என்று கத்த வேண்டும். இரண்டாவது கடையில் "வேண்டாம்பா" என்ற குரல் கேட்டதும் அது கரைந்துவிடும். எனக்கு உதவியது வேறு: எத்தனை ஆர்டர் கிடைத்தது என்பதற்குப் பதிலாக, எத்தனை கடைகளுக்குப் புதிய காரணத்தோடு போனேன் என்று அன்றன்று எண்ணினேன். ஆர்டர் பிறர் கையில் இருக்கிறது. நடை என் கையில் இருக்கிறது. மாதக் கடைசியில் மேலாளர் ஆர்டரைத்தான் கேட்பார் என்பது உண்மை. அந்த நெருக்கடியைக் கடைக்குள் தூக்கிக்கொண்டு போனால் மட்டும், வாங்குபவர் நம் முகத்திலேயே அதைப் படித்து, விலையைக் குறைக்கச் சொல்வார்.

விடாமல் துரத்துவது சட்டத்தின் எல்லையையும் தொடலாம் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. மலேசியாவில் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ள 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி, விற்பனைக்காகத் தம் விவரங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒருவர் எழுத்து மூலம் கேட்கலாம். அதன் பிறகும் தொடர்ந்தால் அவர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் முறையிடலாம்; ஆணையரின் உத்தரவையும் மீறினால் 200,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மேலும், நெருக்கி வாங்கவைத்த விற்பனை நிற்பதும் அரிது. வீடு தேடிச் சென்று செய்யும் நேரடி விற்பனை ஒப்பந்தத்தை ரத்து செய்ய 10 வேலை நாள் அவகாசமும், ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க 15 நாள் அவகாசமும் உள்ளன. வெட்கத்துக்குக் கையெழுத்திட்டவர் அந்த நாட்களில் மனைவியிடமோ மகனிடமோ பேசத்தான் செய்வார்.

எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாததும் ஒரு தவறு. மூன்று முறை, மூன்று வெவ்வேறு காரணங்களோடு போயும் அசைவில்லை என்றால், "இனி நானாக வந்து நிற்கமாட்டேன், தேவைப்பட்டால் அழையுங்கள்" என்று சொல்லி எண்ணைக் கொடுத்துவிட்டு வருவது என் வழக்கம். குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்துவைப்பேன். தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை மடித்த பக்கங்களைப் புரட்டுவேன். சில கடைகளில் இப்போது மகன் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் புதிய பக்கம் ஒன்றைத் தொடங்குவேன்.