விரைவுக் கட்டமரானின் பழைய கணக்கை எடுப்பது எப்படி

தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் பற்றிய பேச்சு மன்னாரில் ஓய்வதேயில்லை. அந்தத் துறைக்கு என்றாவது ஒரு விரைவுக் கட்டமரான் (இரட்டை உடல் கொண்ட கப்பல்) வந்தால், அது முன்பு எங்கெங்கோ ஓடிய கப்பலாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி ஒன்று வந்தால் பெயரை வைத்துத் தேடாதீர்கள். கைமாறும்போதெல்லாம் பெயர் மாறும். கொடி, அதாவது பதிவு நாடு, மாறினால் வானொலி அடையாள எண்ணும் (இலங்கைக்கு 417, இந்தியாவுக்கு 419 என்று தொடங்குவது) மாறும். மாறாதது ஏழு இலக்க ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் மட்டும்தான். கப்பலின் வெளிப்புறத்திலும் உள்ளேயும் அது அழியாதபடி பொறிக்கப்பட்டிருக்கும்.

முதலில் எண்ணைச் சோதியுங்கள். எடுத்துக்காட்டு 9176060. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்குங்கள்: 63+6+35+24+0+12 = 140. கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் 0. எண்ணின் ஏழாம் இலக்கமும் 0. பொருந்தாவிட்டால் யாரோ பிழையாக எழுதியிருக்கிறார்கள், மேலே போகவேண்டாம்.

இந்த எண்ணுக்குரியது 1998இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் இன்காட் நிறுவனம் கட்டிய 91 மீட்டர்க் கப்பல். அவ்வாண்டே அத்திலாந்திக்கைச் சராசரி மணிக்கு 41 கடல்மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் கடந்து, அக்கடலை மிக விரைவாகக் கடக்கும் பயணிகள் கப்பலுக்கான ஹேல்ஸ் கிண்ணத்தை வென்றது. அப்போது அதன் பெயர் கேட்லிங்க் 5. பிறகு மாட்ஸ் மோல்ஸ், மாஸ்டர் கேட், 2008இல் ஃபியோர்ட் கேட், 2020இல் ஸ்கோனே ஜெட். பெயரை மட்டும் வைத்துத் தேடுபவருக்கு இது ஐந்து கப்பல்.

அடுத்து, கப்பலிலேயே இருக்கவேண்டிய தொடர் சுருக்கப் பதிவைக் கேளுங்கள். பெயர், கொடி, உரிமையாளர் மாறிய தேதிகளைத் தாளில் வரிசையாக எழுதி, சேவையில் ஓடாத மாதங்களைச் சிவப்பால் குறியுங்கள். ஓடிய ஆண்டுகளைவிடக் கட்டிக்கிடந்த மாதங்களுக்கே அதிகம் பயப்படவேண்டும். கரை மின்சாரத்தில் கசிவு இருந்தால் அலுமினிய உடலை அரித்துவிடும்; உடலுக்குப் பதிலாகத் தாம் அரிபடும் துத்தநாகக் கட்டிகளை யாரும் மாற்றியிருக்கமாட்டார்கள். செம்பு கலந்த அடிவண்ணம் பூசியிருந்தால் கேடு இரட்டிப்பு. கப்பலை உந்தும் நீர்த்தாரையின் வாயைச் சுற்றியுள்ள ஒட்டுகளில் டோர்ச் அடித்துப் பாருங்கள்: வெள்ளைப் பொடி படிந்த குழிகள் தெரிந்தால் தகட்டின் தடிப்பை அளக்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் ஓடிய மணித்தியாலங்களையும் ஒப்பிடுங்கள். ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு 10 மணி என்றால் பத்தாண்டில் 30,000 மணி. பதிவேடு 12,000 என்று காட்டினால், எஞ்சின் மாற்றப்பட்டதா, கப்பல் நின்றதா என்று கேட்டு, பதிலை உங்கள் சிவப்புக் குறிகளோடு பொருத்துங்கள்.

நீர்த்தாரையில் சிக்கிய பொருட்கள் பற்றிய பழுதுக் குறிப்புகளைத் தவறவிடாதீர்கள். பாக்கு நீரிணையில் அறுந்த வலை மிதக்கும்.

கடைசியாக, இயக்க அனுமதியில் உள்ள அலை உயர வரம்பு. 2023 ஒக்டோபர் 14இல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பாதையில் ஓடத்தொடங்கிய செரியபாணி என்ற பயணிகள் கப்பல், வாடைப் பருவத்தை முன்னிட்டுச் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. ஆகவே வரம்பைக் கேட்கும்போது மார்கழிக் கடலை மனதில் வைத்துக் கேளுங்கள்.