எபிகுளோரோஹைட்ரின் தயாரிப்பில் கோட்டை விடும் இடங்கள்

பசைக்கும் பூச்சுக்கும் பயன்படும் எபாக்சி ரெசினுக்குப் பிஸ்பினால்-ஏ என்ற மூலப்பொருள் ஒரு கை என்றால், எபிகுளோரோஹைட்ரின் மறு கை. இதை உருவாக்குவதைவிட, உருவானதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

கடைசிக் கட்டத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம், நஷ்டம் அங்கேதான் சத்தமில்லாமல் நடக்கும். புரோப்பிலீனில் தொடங்கினாலும் கிளிசரினில் தொடங்கினாலும் இடையில் கிடைப்பது டைகுளோரோஹைட்ரின். அதனுடன் காஸ்டிக் சோடாவோ சுண்ணாம்புப் பாலோ சேர்த்தால், ஒரு ஹைட்ரஜன் குளோரைடு கழன்று, வளையம் மூடி, எபிகுளோரோஹைட்ரின் கிடைக்கும். ‘முழுசாக முடியட்டும்’ என்று காரத்தைத் தாராளமாக விட்டு, சூட்டிலேயே வைத்திருந்தால் போச்சு. மூடிய வளையத்தை அதே காரம் திறந்துவிடும், மிஞ்சுவது கிளிசரின். கிளிசரினிலிருந்தே தொடங்கிய ஆலை என்றால், புறப்பட்ட இடத்துக்கே செலவு செய்து திரும்பியதாக அர்த்தம்.

அதனால்தான் நீராவியை விட்டு, உருவாக உருவாகப் பொருளை வெளியே இழுக்கிறார்கள். தனியாக 118 டிகிரி செல்சியஸில் கொதிப்பது, தண்ணீரோடு சேர்ந்தால் 88 டிகிரி வாக்கிலேயே ஆவியாகிவிடும். குளிர்ந்ததும் இரண்டு அடுக்காகப் பிரியும். எண்ணெய்போல மேலே மிதக்கும் என்று நினைத்து அடி அடுக்கைத் திறந்துவிடாதீர்கள்: இதன் அடர்த்தி 1.18, சரக்கு அடியில்தான் இருக்கும்.

புரோப்பிலீன் வழியில் நேர்மாறான தவறு. அங்கே குளோரினை 500 டிகிரி வாக்கில் வேகமாகக் கலந்தால்தான் அல்லைல் குளோரைடு வரும். சூடு குறைந்தால் பத்திரம் என்ற கணக்கு செல்லாது. குளோரின் இரட்டைப் பிணைப்பில் போய் ஒட்டி டைகுளோரோபுரோப்பேன் ஆகிவிடும். அல்லைல் குளோரைடைக் குளோரினோடும் தண்ணீரோடும் சேர்த்து டைகுளோரோஹைட்ரினாக்கும் அடுத்த கட்டத்தில், தண்ணீரை மிச்சம் பிடித்தால் டிரைகுளோரோபுரோப்பேன் என்ற வேண்டாத துணைப்பொருள் பெருகும். நிறையத் தண்ணீர் விட்டாலோ, அத்தனையும் உப்புக் கழிவுநீர். இந்த வழியின் தலைவலியே அதுதான்.

பயோடீசலில் மிஞ்சும் கிளிசரினை ஹைட்ரஜன் குளோரைடோடு வினைபுரியவிட்டு டைகுளோரோஹைட்ரினாக்கும் வழியும் இருக்கிறது. குஜராத்தின் தஹேஜில் 2022இல் அப்படியொரு ஆலை ஓடத் தொடங்கியது. மலிவு என்பதற்காகக் கச்சா கிளிசரினைச் சுத்திகரிக்காமல் ஏற்றக்கூடாது. அதிலுள்ள உப்பு தொல்லை. தண்ணீரோ வினையையே பின்னுக்கு இழுக்கும். ஹைட்ரஜன் குளோரைடு ஓடும் இடத்தில் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நம்புவதும் வீண். கண்ணாடிப் பூச்சு ரியாக்டர் விலை அதிகம்தான், வேறு வழியில்லை.

அப்புறம் பாதுகாப்பு. ‘வாடை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான பேச்சு. பரிந்துரைக்கப்படும் பணியிட வரம்பு 0.5 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் அரைப் பங்கு), மூக்குக்குத் தெரியும்போது அதைத் தாண்டிப் பல மடங்கு போயிருக்கும். புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று கருதப்படும் பொருள் இது. வழக்கமான நைட்ரைல் கையுறையைச் சீக்கிரமே ஊடுருவிவிடும், பியூட்டைல் ரப்பர்தான் தாங்கும். தோல் ஷூவில் பட்டால் கழுவிப் பயனில்லை, கழித்துவிட வேண்டியதுதான்.