காமிக்ஸ் வரையப் போகிறீர்களா? தனிப்படங்களை மட்டும் அனுப்பாதீர்கள்

வேலை கேட்டு மாதிரிகள் அனுப்பும்போது பலரும் அழகான ஒற்றைப் படங்களையே அடுக்கி வைக்கிறார்கள், ஆனால் எடிட்டர் முதலில் தேடுவது உங்களால் ஒரு கதையைக் கட்டம் கட்டமாக நகர்த்த முடிகிறதா என்பதைத்தான். அதனால் ஒரே காட்சியின் 4 அல்லது 5 தொடர் பக்கங்களை வசனமே இல்லாமல் வரைந்து, கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் கட்டத்தைத் திரும்ப வரைய வேண்டும், வேறு வழியில்லை. ஒரே முகம் எல்லாக் கோணத்திலும் அதே ஆளாகத் தெரிவதும் முக்கியம். சண்டையை விட இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சிதான் கஷ்டம், அதையும் கட்டாயம் சேருங்கள்.

சரி, செய்தித்தாளில் வரும் தினசரிப் பட்டைக் கார்ட்டூனுக்கு, அதாவது ஒரே வரிசையில் சில கட்டங்களாக வரும் குட்டிக் காமிக்ஸுக்கு, முயற்சி செய்கிறீர்கள் என்றால் கணக்கே வேறு. பத்திரிகையை நடத்துபவருக்கு அந்த இடம் தினமும் நிரம்பியாக வேண்டும், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. ஆகவே ஒரு மாதத்துக்கான பட்டைகளை முன்கூட்டியே வரைந்து கையில் வைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். அப்புறம், பட்டையை அச்சு அளவுக்குச் சுருக்கிப் பார்த்து எழுத்து படிக்க முடிகிறதா என்று கவனியுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பதிப்புரிமை யாருக்கு என்ற வரியை இரண்டு தடவை படியுங்கள்.